பாம்பன் பாலத்தில் சொன்ன சரிங்க

காங்கேயம்
28.5.2025

மரியாதைக்குரிய சம்பந்தி திருமூர்த்தி அவர்களுக்கு நஞ்சப்பன் எழுதுவது.

போனை எடுத்தால் என் வாயில் "சொல்லுங்க, சரிங்க, ஆகட்டுங்க" இந்த மூன்றைத் தவிர வேறு வார்த்தை வருவதில்லை. நேற்றும் அதுதான் நடந்தது. நீங்கள் பேசினீர்கள், நான் ஆமாம் போட்டேன், போனை வைத்ததும் கொப்பரை காயும் களத்தில் நின்று தனியாகக் கத்தினேன். தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் எனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று என் சம்சாரம் சாந்தாமணியைக் கூப்பிட ஓடினார்கள். அதனால்தான் எழுதுகிறேன். பேப்பரில் என்றால் நான் பேசி முடிக்கும்வரை நீங்கள் பொறுத்துத்தான் ஆக வேண்டும்.

நாம் எதற்குக் கிளம்பினோம்? என் பெண் யுவஸ்ரீக்கும் உங்கள் பையன் கதிருக்கும் ஆனியில் கல்யாணம். முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. ராமநாதபுரத்தில் தேங்காய் மண்டி வைத்திருக்கும் என் மச்சான் அவிநாசியப்பனுக்கு இரண்டு சம்பந்தியும் ஒன்றாகப் போய்த் தட்டு வைத்து அழைப்பதென்று பேசினோம். உங்கள் காரிலேயே போகலாம் என்றீர்கள். எவ்வளவு பெரிய மனசு என்று நானும் ஏறி உட்கார்ந்தேன். பத்திரிகை வைக்கப் போனோமா, பாலம் பார்க்கப் போனோமா என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

தாராபுரம் வழியாக நேரே மதுரை போயிருக்கலாம். நீங்கள் கரூருக்கு விட்டீர்கள். குளித்தலையில் காவிரிப் பாலம் ஏறி முசிறிக்குப் போய், அங்கே ஒரு வேலையும் இல்லாமல், அதே பாலத்தில் திரும்பி வந்தோம். "போறப்ப எடது பக்கந்தானுங்க பாத்தோம்" என்றீர்கள். திருச்சியில் அக்கினி நட்சத்திர வெயிலில் காவிரிப் பாலத்தை நடந்து கடக்க வைத்தீர்கள். மதுரையில் ராத்தங்கி, காலையில் ஏ.வி. பாலத்துக்குக் கீழே வைகை மணலில் இறக்கி வளைவுகளை அண்ணாந்து பார்க்கச் சொன்னீர்கள். கழுத்து சுளுக்கிக்கொண்டது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

ஆனால் ராமநாதபுரத்தில் மச்சான் வீட்டுத் தெருமுனையைத் தாண்டிப் போனீர்கள் பாருங்கள், அதை எப்படிப் பொறுப்பது? மாப்பிள்ளையின் அப்பா முதன்முதலில் வருகிறார் என்று அந்த மனுசன் கிடா வெட்டி, பங்காளிகளை எல்லாம் கூப்பிட்டு, இலை போட்டு உட்கார்ந்திருந்தார். நீங்களோ, "பாம்பன்ல கப்பல் போறப்போ புதுப் பாலத்த மேல தூக்குவாங்களாமா. ஒரு எட்டுப் பாத்துபோட்டு வந்தர்லாங்க" என்று வண்டியை விட்டீர்கள். கப்பலும் வரவில்லை, பாலமும் தூக்கவில்லை. நாம் திரும்பிப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைத்தாயிற்று. பங்காளிகள் சாப்பிட்டுவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். மச்சான் நம் தட்டை வாங்கவில்லை. "எடுத்துக்கிட்டுப் போங்க" என்று நம் பக்கமே தள்ளிவிட்டார்.

தாய்மாமன் சீர் இல்லாமல் எங்கள் வீட்டுப் பெண் மணவறையில் உட்கார்ந்ததில்லை. நீங்கள் நேரில் போய் அவரைச் சமாதானப்படுத்தி அழைத்துவிட்டு வர வேண்டும். எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
நஞ்சப்பன்

*

சூலூர்
1.6.2025

சம்பந்தி நஞ்சப்பன் அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கொரியர்க்காரன் கையெழுத்துக் கேட்டபோது கல்யாணச் சமாச்சாரமாக்கும் என்று சந்தோஷமாகப் போட்டேன். பிரித்துப் படித்தால் முகத்தில் அறைகிறது. நான் தறிச் சத்தத்துக்கு நடுவில் பேசியே வளர்ந்தவன். மெதுவாகச் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் நேராகவே கேட்கிறேன்.

ஒவ்வொரு பாலத்திலும் நான் உங்களைக் கேட்டேனா இல்லையா? "நிறுத்தலாங்களா?" என்றேன். "சரிங்க" என்றீர்கள். "நடக்கலாங்களா?" என்றேன். "அதுக்கென்னங்க" என்றீர்கள். முசிறியில் இளநீர் குடித்துவிட்டு, "என்னா காத்துங்க சம்மந்தி, அருமைங்க" என்று சொன்ன வாய் எந்த வாய்? திருச்சிப் பாலத்தில் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு போட்டோவுக்குச் சிரித்தீர்கள். அந்தப் போட்டோவை நான் ஊரெல்லாம் அனுப்பியிருக்கிறேன். என்னோடு பாலம் பார்க்க என் பையன் வந்ததில்லை, கூடப்பிறந்தவன் வந்ததில்லை. தறிக்குடோனுக்கும் வீட்டுக்கும் நடந்தே வயசு போய்விட்டது. நம்மைப் போல ஒருத்தர் சம்பந்தியாக வாய்த்தாரே என்று என் சம்சாரத்திடம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனேன். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தீர்கள் என்று இப்போது தெரிகிறது. எனக்குத்தானுங்க அவமானம்.

இன்னொன்று. உங்கள் மச்சான் தட்டைத் தள்ளியது கறிச்சோறு ஆறிப்போனதால் இல்லை. அது உங்களுக்கும் தெரியும், தெரிந்தே கடிதத்தில் விட்டுவிட்டீர்கள். நானே எழுதுகிறேன்.

பாம்பன் பாலத்தில் கப்பலுக்காக நின்றோம். காற்று வேட்டியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. அப்போது நான் கேட்டேன்: "கல்யாணத்துக்கு அப்புறம் யுவஸ்ரீ அம்மணி அந்த வெயில்ல, கம்பிக்கும் கிரேனுக்கும் நடுவுல நிக்க வேண்டாங்க. வேலைய உட்டுபோட்டு நம்ம தறி ஆபீசுல கணக்கு வழக்கப் பாத்துக்கட்டும். என்னங்க சொல்றீங்க?" நீங்கள் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "சரிங்க சம்மந்தி, உங்க இஷ்டம்" என்றீர்கள்.

அதைத்தான் உங்கள் மச்சானிடம் நல்ல சேதியாகச் சொன்னேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். "அந்தப் புள்ளைய இஞ்சினீயரிங் சேக்கறதுக்கு இவுரு ஊட்டு வாசல்ல உக்காந்து சண்ட போட்டவன் நானு. அவ பாலங் கட்டறவ. அவள வேலைய உடச் சொல்ற எடத்துக்கு நான் சீர் கொண்டுட்டு வரமாட்டேன்" என்றார். அதற்கு அப்புறந்தான் தட்டைத் தள்ளினார். நீங்கள் அப்போதும் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நான் கேட்டது ஊரில் இல்லாததா? நீங்கள் ஒத்துக்கொண்டதற்கு நான் போய் எதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும்?

திருமூர்த்தி

*

காங்கேயம்
5.6.2025

திருமூர்த்தி அவர்களுக்கு,

"கேட்டேனா இல்லையா" என்று எழுதியிருக்கிறீர்கள். அது கேள்விங்களா? காரும் உங்களது, ஸ்டியரிங்கும் உங்கள் கையில், மாப்பிள்ளையைப் பெற்றவரும் நீங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பெற்றவனைப் பார்த்து "நிறுத்தலாங்களா" என்றால் அவன் என்ன சொல்வான்? "நிறுத்த வேண்டாம், எனக்குப் பசிக்குது" என்றா? சொன்னால் சூலூர் போய்ச் சேருவதற்குள் "சம்மந்தி கொஞ்சம் ஒரு மாதிரி" என்று பேச்சாகிவிடாதா?

எங்கப்பன் அடுத்தவர் காட்டில் கூலியாகப் பண்ணையத்துக்கு இருந்தவர். "சரிங்க" என்று சொன்னால்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரியும். சொல்லாத அன்றைக்கு எரியவில்லை, அதையும் பார்த்திருக்கிறேன். நான் ஆளாகி, சொந்தமாகக் கொப்பரைக் களம் போட்டு, நாலு பேருக்கு வேலை கொடுக்கிறேன். ஆனாலும் எதிரில் ஒருத்தர் கொஞ்சம் சத்தமாகக் கேட்டால் வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. இது உங்களுக்குப் புரியாது.

நீங்கள் எழுதியதை யுவஸ்ரீயிடம் மறைக்கவில்லை. மறைக்கவும் முடியாது, கதிர் போனில் கேட்டுவிட்டானாம், "வேலைய உட எப்ப பேப்பர் போடறே?" என்று. அவள் சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"ஏனுங்கப்பா, எம்பட வேலைய நீங்க எப்படிங்க சரின்னு சொல்லலாம்? அது உங்க வேலைங்களா?"

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கேக்கறாங்க கண்ணு. எடுத்த எடுப்புல முடியாதுன்னா எப்படி?"

"கல்யாணத்துக்கு முன்னால உங்களாலயே ஒரு தடவ முடியாதுன்னு சொல்ல முடியலீன்னா, அப்பறம் அந்த ஊட்டுல நின்னு நான் எப்படிங்க சொல்லுவேன்?"

நீங்களே போய் முடியாது என்று சொல்லிவிட்டு வாருங்கள், அதுவரைக்கும் மஞ்சள் பூச மாட்டேன், புடவை எடுக்க வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். சாந்தாமணியும் அவள் பக்கந்தான். அண்ணன் சொன்னதில் என்ன தப்பு என்று என்னைக் கேட்கிறாள். மூன்று நேரமும் சோறு வருகிறது, பேச்சு வருவதில்லை.

எங்கேயோ இருக்கிற பாலத்தைப் பார்க்க ராமேஸ்வரம் வரைக்கும் டீசல் ஊற்றுவீர்கள். பாலம் கட்டுகிற பெண் உங்கள் வீட்டுக்கு வந்தால் மட்டும் நூல் மூட்டையை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டும், அப்படித்தானே? என் வயிறு எரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை நானே நேரில் வருகிறேன். உங்கள் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுகிறேன்.

நஞ்சப்பன்

*

சூலூர்
10.6.2025

சம்பந்தி அவர்களுக்கு,

உங்கப்பன் மட்டுந்தான் பண்ணையத்துக்கு இருந்தாரா? எங்கப்பன் என்ன அரண்மனையில் இருந்தாரா? அதே காடு, அதே வெயில். அங்கிருந்து வந்துதான் நான் தறி போட்டேன். எனக்குப் புரியாதாம். என்ன பேச்சுங்க இது!

ஞாயிற்றுக்கிழமை வந்தீர்கள். மாம்பழக் கூடையோடு வந்தீர்கள். நான் சண்டைக்குத் தயாராகச் சட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தீர்கள். காப்பி குடித்தீர்கள். நூல் விலையைக் கேட்டீர்கள், கொப்பரை விலையைச் சொன்னீர்கள். மண்டபத்தில் ஏசி ஒழுங்காக ஓடுமா என்றீர்கள். நான்தான் பொறுக்காமல் ஆரம்பித்தேன்: "லெட்டர்ல என்னமோ எழுதியிருந்தீங்களே?" நீங்கள் தரையைப் பார்த்துக்கொண்டு, "அதெல்லா ஒன்னுமில்லீங்க. மனசு கேக்கல, எழுதிபோட்டேன்" என்றீர்கள். "அப்ப அம்மணி வேலை விசயம்?" என்றேன். "பாத்துக்கலாங்க" என்றீர்கள். அப்புறம் "வாரேங்க" என்று எழுந்து போய்விட்டீர்கள். வாசல் வரை வந்து வழியனுப்பிவிட்டு வந்தால் என் சம்சாரம் பொற்கொடி கேட்கிறாள், "அவுரு எதுக்குங்க வந்தாரு?" என்று. எனக்கு என்ன தெரியும்?

கடிதத்தில் புலி, நேரில் வந்தால் மாம்பழம். இரண்டில் எது நஞ்சப்பன்? எனக்கு ஓர் ஆளோடு சம்பந்தம் பண்ணத்தான் தெம்பு இருக்கிறது.

எனக்குக் காதில் விழுந்ததை வைத்துத்தான் நான் நடக்க முடியும். பாம்பனில் "சரிங்க" என்றீர்கள். என் வீட்டில் "ஒன்னுமில்லீங்க" என்றீர்கள். அதனால் விசயம் முடிந்தது. வேலையை விடுவதற்குக் கம்பெனியில் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று கதிர் சொல்கிறான். இந்த வாரத்துக்குள் அம்மணியை எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்தாயிற்று என்று எனக்கு ஒரு வார்த்தை வந்தால், அடுத்த நாளே உங்கள் மச்சானிடம் நான் போய்ப் பேசுகிறேன். வரவில்லை என்றால் மண்டபத்துக்குச் சொன்னதை நிறுத்திவிடுகிறேன். நானும் எழுதிவிட்டேன்.

திருமூர்த்தி

*

காங்கேயம்
14.6.2025

திருமூர்த்தி அவர்களுக்கு,

நீங்கள் எழுதியதில் ஒரு வரி பொய்யில்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். மாம்பழம் என்று எழுதினீர்களே, அந்த இடத்தில் பேப்பரைக் கசக்கி எறிந்தேன், திரும்ப எடுத்து நீவிப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை சூலூரிலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது பல்லடம் வரைக்கும் எனக்குள்ளேயே உங்களோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தேன். அங்கே என்ன அழகாகப் பேசினேன் தெரியுமா! பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்.

வீட்டில் யுவஸ்ரீ கேட்டாள், "சொல்லிட்டீங்களாப்பா?" நான் செருப்பைக் கழற்றுகிற மாதிரி குனிந்துகொண்டேன். மறுநாள் கோயமுத்தூர் ஹாஸ்டலுக்குத் துணிமணி எல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நேற்று முன்தினம் அவளைப் பார்க்கக் கோயமுத்தூர் போனேன். அவள் வேலை செய்யும் மேம்பாலத்தை நான் அதுவரை பார்த்ததே இல்லை. உங்களோடு அத்தனை பாலம் ஏறி இறங்கினேன், என் பெண் கட்டும் பாலத்துக்கு ஒரு நாள் போகத் தோன்றவில்லை. தகர அடைப்பின் சந்து வழியாக உள்ளே நுழைந்து பார்த்தேன். மஞ்சள் ஹெல்மெட்டோடு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். வீடு நீளத்துக்கு ஒரு கான்கிரீட் உத்திரத்தைப் பட்டையால் சுற்றிக் கிரேனில் மாட்டியிருந்தார்கள். காண்டிராக்டர் போல ஒருத்தர், நல்ல தாட்டியான ஆள், தூக்கு தூக்கு என்று கத்தினார்.

"தூக்க வேண்டாங்கண்ணா. இந்தப் பட்டை நைஞ்சிருக்குது. மாத்திபோட்டுத்தான் தூக்கணும்" என்றாள்.

"அம்மணி, நேரமாகுது. நான் பாக்காத பட்டையா? நீ ஒதுங்கி நில்லு."

"நேரமாகட்டுங்க. தூக்க முடியாதுங்க."

அவர் கைலியை மடித்துக் கட்டுகிற வேகத்தில் பேண்டை இழுத்துவிட்டுக்கொண்டு என்னென்னவோ பேசினார். மேலதிகாரியிடம் சொல்கிறேன், ஆபீசுக்குப் போன் போடுகிறேன் என்றார். "போடுங்க" என்றாள். குரல் கூடவில்லை, குறையவில்லை. நகரவும் இல்லை. கடைசியில் பட்டையை மாற்றினார்கள். எனக்கு வந்தது பயமா, பெருமையா என்று தெரியவில்லை. அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன். அவள் என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்து, "ஹெல்மெட் இல்லாம இங்க நிக்காதீங்கப்பா" என்று என்னையும் அதட்டி வெளியே அனுப்பினாள்.

அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன். நாளைக்கு உங்கள் போன் வந்தால் எடுத்து இதையே வாயாலும் சொல்லுவேன்.

முடியாதுங்க. என் பெண் வேலையை விட மாட்டாள். எழுதிக் கொடுக்க மாட்டாள். பாம்பன் பாலத்தில் நான் சொன்னதைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அதைத் திரும்ப எடுத்துக்கொண்டேன். இதற்காகக் கல்யாணம் நிற்கும் என்றால் நிற்கட்டும். ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கும். சிரிக்கட்டும். மண்டபத்துக்கு நீங்கள் சொல்கிறீர்களா, நான் சொல்லட்டுங்களா?

நஞ்சப்பன்

*

சூலூர்
18.6.2025

நஞ்சப்பன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. என்னிடம் "முடியாதுங்க" என்று சொல்லுமளவுக்கு நஞ்சப்பனுக்குக் கொம்பு முளைத்துவிட்டதா என்று மண்டபத்து மேனேஜருக்கு அப்போதே போன் போட்டேன். அவர் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் எல்லாம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

அதே கோபத்தோடு வீட்டுக்குப் போய்ப் பொற்கொடியை உட்கார வைத்து, உங்கள் கடிதத்தை முதல் வரியிலிருந்து சத்தமாகப் படித்துக் காட்டினேன். "பாத்தயா, சரின்னு ஒத்துக்கிட்ட மனுசன் இப்ப எப்படி மாத்திப் பேசறாருன்னு! சரின்னா சரிதானே? அதுக்கு வேற என்ன அர்த்தம்?" என்றேன்.

அவள் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தாள். உருவிக்கொண்டே சொன்னாள்: "கல்யாணமான புதுசுல எங்கிட்டயும் கேட்டீங்க. ஆசுபத்திரி வேலைய உட்டுபோட்டுத் தறிக்கு வந்துர்றயான்னு. நானும் சரிங்கன்னுதான் சொன்னேன்."

அவள் கோயமுத்தூரில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்தவள். அது உங்களுக்குத் தெரியாது. எனக்கே மறந்துபோய்விட்டது. "உனக்கு இஷ்டமில்லீன்னா அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?" என்று கத்தினேன். "கேட்டது நீங்க. இஷ்டமான்னு கேக்கலீங்களே" என்றாள். கறிவேப்பிலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், சோறு போட்டிருக்கிறாள், தறி ஓட்டியிருக்கிறாள், பையனைப் படிக்க வைத்திருக்கிறாள். அது சம்மதம் என்றுதானுங்க நான் நினைத்துக்கொண்டிருந்தேன்! இப்போது யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் உங்கள் மேலேயே பட்டுக்கொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தையெல்லாம் ஆரம்பித்து வைத்தது நீங்கள்தானே?

கல்யாணம் நிற்கவில்லை. அம்மணி வேலைக்குப் போகட்டும். கதிரிடம் சொன்னேன், "நான் எப்பங்கப்பா உடச் சொன்னேன், நீங்க சொன்னீங்கன்னுதானே கேட்டேன்" என்கிறான். அவனும் ஒரு சரிங்க. உங்கள் மச்சானுக்கு நானே போன் செய்து விசயத்தைச் சொன்னேன். தட்டோடு வாங்க என்றார். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் வாங்க என்றும் சொன்னார், குத்தலாகத்தான் சொன்னார், வாங்கிக்கொண்டேன்.

உங்கள் மேல் எனக்கு இருக்கும் கோபம் அப்படியே இருக்கிறது. மணவறையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம், அதற்காகப் பேசிக்கொள்வேன் என்று நினைக்க வேண்டாம்.

இன்று காலையில் பொற்கொடி நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். எங்கே என்றேன். கோயமுத்தூருக்கு, யுவஸ்ரீ கட்டுகிற பாலத்தைப் பார்க்க என்றாள். எனக்கு ஒரு நிமிசம் எல்லாம் மறந்துவிட்டது. கார் சாவியை எடுத்துக்கொண்டு, "இரு, நானும் வாரேன்" என்றேன்.

"வேண்டாங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

திருமூர்த்தி